பதினான்காவது கோரிக்கை

இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள் அண்ணாச்சி. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். உங்கள் வீட்டம்மாவை உள்ளே கூட்டிப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்தக் கதவை எத்தனை முறை பார்த்துவிட்டீர்கள்! பயப்படாதீர்கள். மயக்க ஊசி போட்டுத்தான் குழாய் விடுவார்கள். தெளியும்போது கொஞ்சம் உளறுவார்கள், அவ்வளவுதான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் எனக்குப் பார்த்தபோது நான் முழக்கம் போட்டேனாம்.

இப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார்கள். அதற்குத்தான் வந்திருக்கிறேன். மூன்றாவது முறையாக வந்திருக்கிறேன். இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் தெரியுமா? கூட ஆள் வேண்டுமாம். கையெழுத்துப் போட ஒருவர், மயக்கம் தெளிகிறவரை பக்கத்தில் இருந்து வீடுவரை கூட்டிப் போக ஒருவர். முந்தின நாள் கஞ்சியோடு நிறுத்தி, விடியும் முன்னே எழுந்து இரண்டு லிட்டர் உப்புத் தண்ணீரைக் குடித்து, குடலை அலசிக்கொண்டு வந்து உட்கார்ந்தவனைப் பார்த்து, “ஆளோட வாங்க” என்று சொல்லிவிட்டாள் அந்தச் செவிலியர் பெண். மில் வாசலில் ஐயாயிரம் பேரை உட்காரவைத்தவன் நான். ஐயாயிரம் என்று துண்டறிக்கையில் போட்டோம். ஆயிரத்து இருநூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு ஆள் இல்லையாம்.

போன முறை, “தோழர்கள் வெளியே நிற்கிறார்கள்” என்றேன். எட்டிப் பார்த்தாள். ஒரு சைக்கிள்தான் நின்றது.

இந்த முறை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த நோய் வந்து எட்டு வருடம் தாண்டினால் குடலில் வேறு ஏதாவது முளைக்கிறதா என்று சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டுமாம். பார்க்காமல் அடுத்த மருந்துக்கும் போக முடியாதாம். “இன்னும் எத்தனை மாசம் தள்ளப் போறீங்க ஐயா?” என்று கேட்டார். ஆள் இல்லை என்று ஒரு டாக்டரிடம் சொல்ல முடியுமா?

ஒரு நிமிடம். இந்தப் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வந்துவிடுகிறேன்.

எங்கே விட்டேன்? என் பெயர் ஆவுடையப்பன். பஞ்சாலைத் தொழிலாளர் சங்கம். நீங்கள் ஆலங்குளம் பக்கம் என்றால் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பேட்டைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சம் எல்லாம் துண்டறிக்கையில் படித்தது. டீக்கடையில் வடை மடித்துக் கொடுப்பானே, அந்தத் தாளைக்கூட எண்ணெயோடு விரித்துப் படிப்பேன். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். முப்பது வருடத்தில் நானூறு துண்டறிக்கை. ஒன்றில்கூட வார்த்தை தப்பாக விழுந்தது கிடையாது. அதனால்தான் பேச்சும் இப்படி இருக்கிறது. வீட்டில்கூட மேடைத் தமிழா என்று என் வீட்டுக்காரி சிரிப்பாள். சிரித்தாள். அதெல்லாம் பழைய கதை.

உங்கள் வீட்டம்மாவுக்கு வயிற்று வலி என்றுதானே சொன்னீர்கள்? அண்ணாச்சி, நானும் அப்படித்தான் சொல்வேன். வயிற்று வலி, சூடு, நீர் சேரவில்லை. எத்தனை பெயர் இருக்கிறது! ரத்தம் போகிறது என்று யாராவது சொல்கிறோமா? எனக்கு முதலில் மூலம் என்றார்கள். கருணைக்கிழங்காகத் தின்றேன். துத்தி இலையை வதக்கிக் கட்டினேன். அடுத்தவர் சீதபேதி என்றார். அதற்கு ஒரு கோர்ஸ் மாத்திரை. ஏழு மாதம் இப்படிப் போனது. பதினைந்து கிலோ இறங்கிவிட்டேன். “போராட்டம் தலைவரை உருக்கிடுச்சு” என்று மேடையில் ஒருவன் பேசினான். நான் மறுக்கவில்லை.

அப்புறம்தான் இங்கே வந்து பார்த்தது. டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பெருங்குடலின் உள்பக்கம் பூராவும் புண். கிருமியால் வந்ததல்ல, மிளகாயால் வந்ததல்ல, நீங்கள் செய்த தப்பால் வந்ததும் அல்ல என்றார். உடம்பைக் காக்க ஒரு படை இருக்கிறது. அது ஆள் அடையாளம் தெரியாமல் சொந்தக் குடலையே அடிக்கிறது. ஏன் அடிக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. அடங்கும், சீறும், மறுபடி அடங்கும். முழுதாகப் போகாது. அடங்கியிருக்கும்போதும் மாத்திரையை விடக் கூடாது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இயக்கத்தில் இருந்தவனுக்கு இது விளங்காதா? எதிரியை விட்டுவிட்டுக் கூட இருப்பவனைச் சந்தேகப்பட்டு அடிக்கிற சங்கங்களை எவ்வளவு பார்த்திருக்கிறேன்! எங்கள் சங்கத்தில் நான் அதற்கு இடமே கொடுத்ததில்லை. சந்தேகப்படும்படி நடந்துகொண்ட ஏழெட்டுப் பேரை நானே வெளியேற்றியிருக்கிறேன்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் டாக்டரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. அடங்கியதும் நிறுத்திவிடுவேன். ஜெயித்த பிறகு எதற்குப் பந்தலில் உட்கார்ந்திருக்க வேண்டும்? ஆனால் இரண்டு மாதத்தில் திரும்ப வந்துவிடும். கம்பெனி மருந்து அப்படித்தான். முழுதாகக் குணமாக்கினால் அவன் யாரிடம் விற்பான்?

இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி கேட்பார்கள். “ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?” உங்கள் வீட்டம்மாவிடமும் கேட்டிருப்பார்கள். நான் மூன்று, நான்கு என்பேன். ஆர்ப்பாட்டத்துக்கு இருநூறு பேர் வந்தால் ஐந்நூறு என்று சொல்லிப் பழகிய வாய். இதில் மட்டும் தலைகீழ். டாக்டர் நான்கு என்று எழுதிக்கொண்டு நான்குக்கு உண்டான மருந்தைக் கொடுப்பார். அது எனக்குக் கேட்டதே இல்லை. அதையும் அவரிடமே சொல்லிவிட்டேன், உங்கள் மருந்து கேட்கவில்லை என்று.

எப்படிச் சமாளித்தேன் என்கிறீர்களா? தலைவன் என்றால் முன்யோசனை வேண்டும். பொதுக்கூட்டத்துக்கு இடம் பார்க்கப் போனால் மைதானத்தைப் பார்க்க மாட்டேன், பக்கத்தில் கழிப்பறை எங்கே என்று பார்ப்பேன். பேருந்து ஏறினால் வழியில் எந்த நிறுத்தத்தில் எது திறந்திருக்கும் என்று விரல்நுனியில் இருக்கும். மே தின ஊர்வலம் பழைய பேருந்து நிலையம் வழியாகத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பேன். போலீஸ் அந்த வழிக்கு அனுமதி தராது. தள்ளுமுள்ளு நடக்கும். ஒரு வருடம் இருபது பேர் கைதானார்கள். அந்த வழியில் என்ன வரலாற்றுச் சிறப்பு என்று பத்திரிகைக்காரன் கேட்டான். உழைக்கும் மக்கள் கூடும் இடம் என்றேன். அங்கே கட்டணக் கழிப்பறை இருக்கிறது அண்ணாச்சி, அதுதான் சிறப்பு. ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் அவளுக்கு மட்டும் தெரியும்.

அவள் பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். என் மனைவி. இப்போது பேச்சுவார்த்தை கிடையாது. நான் சங்க அலுவலகத்தில் இருக்கிறேன், அவள் வீட்டில் இருக்கிறாள். இரண்டு வருடமாகிறது. அவள் எனக்குச் செய்ததை நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், நான் செய்தது தப்பா என்று.

எங்கள் மில்லில் கட்டை என்று ஒன்று இருந்தது. நூற்பு இயந்திரத்தில் நிற்கிற பெண்கள் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் சூப்பர்வைசர் மேசையில் தொங்குகிற மரக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்ப வந்து மாட்ட வேண்டும். நாற்பது பேருக்கு ஒரு கட்டை. ஒருத்தி கொண்டுபோனால் அடுத்தவள் அது வருகிறவரை காலை மாற்றி மாற்றி நிற்க வேண்டும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. நான் ஃபிட்டர், ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போவேன்.

அந்தப் பகுதியில் ஞானசௌந்தரி என்று ஒரு பெண். நல்ல போராளி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். வருடா வருடம் சங்கப் பேரவையில் எழுந்து நிற்பாள். “தோழர், அந்தக் கட்டையத் தூக்கச் சொல்லுங்க.” நானும் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்பேன். பதினான்கு கோரிக்கை என்றால் பதினான்காவதாக. பேச்சுவார்த்தையில் நிர்வாகம் இறங்கி வர நாமும் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும் இல்லையா? அதற்குப் பதினான்காவது எப்போதும் கைவசம் இருக்கும். ஐந்து ஒப்பந்தத்தில் ஐந்து முறை அதை விட்டுக்கொடுத்து ஐந்து முறையும் கூலி உயர்வு வாங்கியிருக்கிறேன். “எங்கள அடகு வச்சே எல்லாத்தையும் வாங்குதீங்க தோழர்” என்பாள் சௌந்தரி. அவளுக்கு அரசியல் போதாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சௌந்தரியும் இன்னும் இரண்டு பெண்களும் கட்டை இல்லாமலே போய்விட்டு வந்தார்கள். கேட்டதற்கு, “வந்தா போகத்தான் செய்யணும், கட்டை வந்த பொறகுதான் வரணும்னு எனக்குள்ள சொல்லிவைக்க முடியல” என்றாளாம் சௌந்தரி. மூன்று பேரையும் வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்.

நான் விடுவேனா? காலவரையற்ற உண்ணாவிரதம் அறிவித்தேன். ‘அநீதிப் பணிநீக்கத்தை எதிர்த்து’ என்று துண்டறிக்கை. எதற்காக நீக்கினார்கள் என்பதை அதில் போடவில்லை. சௌந்தரி கேட்டாள். கழிப்பறை என்ற சொல்லைத் தலைப்பில் வைத்துக்கொண்டு மக்களைத் திரட்ட முடியுமா என்றேன்.

அப்போது நோய் சீறியிருந்த நேரம். குழல்வாய்மொழி வாசலை மறித்தாள். “மாத்திரை சாப்பிடாம இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?” உண்ணாவிரதத்தில் மாத்திரை விழுங்கினால் அது உண்ணாவிரதமா? அதோடு, எந்த நோய்க்கு மாத்திரை என்று கேட்பார்கள். சாப்பிடாவிட்டால் குடலுக்கு ஓய்வு, எல்லாம் அடங்கிவிடும் என்று ஒரு கணக்கும் எனக்கு இருந்தது.

இருங்கள். மறுபடியும். சொன்னேனே, பையை.

கூப்பிட்டார்களா? இல்லையே? அந்தப் பெண் பட்டியலோடு நடமாடினால் வயிறு இன்னும் கலங்குகிறது.

மில் வாசலில் பந்தல். முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டாம் நாள் குடல் அதன் வேலையைத் தொடங்கியது. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் அவசரம் மட்டும் வரும். ரத்தமும் சளியும்தான் போகும். எதிரே சாலையைக் கடந்தால் ஒரு பெட்ரோல் பங்க், அதில் ஒரு கழிப்பறை. நான் நிமிர்ந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக நடந்து போவேன். ஓட முடியாது. தலைவன் ஓடினால் என்ன ஆகும்? அந்த நாற்பது அடி தூரம் இருக்கிறதே அண்ணாச்சி, உங்கள் வீட்டம்மாவிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

நிர்வாகத்துக்கு வேண்டிய சங்கம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் பூல்பாண்டி. டீக்கடையில் உட்கார்ந்து நான் சாலையைக் கடப்பதை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் கடை வாசலில் ஒரு கரும்பலகை. ‘உண்ணாவிரதத் தலைவர் நேற்று ஒதுங்கியது ஒன்பது தடவை. ஒன்றும் உள்ளே போகாமல் வெளியே வருவது எப்படி? தொழிலாளர்களே, சிந்திப்பீர்!’

நல்ல வாசகம். அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஷிப்டு விட்டுப் போகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் பந்தலைத் திரும்பிப் பார்த்தார்கள். “அண்ணாச்சிக்குப் பங்க்ல பெட்ரோலா ஊத்துதாங்க?” என்று ஒருவன் கேட்டான். சிரித்தார்கள். என் ஆட்களே சிரித்தார்கள். நான்காம் நாள் பந்தலில் பாதிப் பேர் இல்லை. பொருளாளர் என் காதில், “தோழர், ராத்திரில ஏதும் பழம் கிழம்...” என்று இழுத்தார். அவரை ஒரு பார்வை பார்த்தேன். எழுந்து போய்விட்டார்.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். எதைச் சொல்ல? தலைவனுக்கு மண்டை உடையலாம். குண்டு படலாம். சிறையில் காசநோய்கூட வரலாம், அதில் ஒரு மரியாதை இருக்கிறது. இது வரலாமா? எந்தத் தலைவனின் வரலாற்றில் இப்படி ஒரு அத்தியாயம் இருக்கிறது? திருட்டுத்தனமாகத் தின்றான் என்று பேர் வாங்கிச் செத்தாலும் சாவேனே தவிர அதைச் சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். தலை சுற்றியது. கை ஜில்லிட்டிருந்தது.

ஐந்தாம் நாள் காலை ஷிப்டு மாறுகிற நேரம். இரண்டு ஷிப்டு ஆட்களும் வாசலில் இருக்கிறார்கள். சாலையின் அந்தப் பக்கம் குழல்வாய்மொழி வருகிறாள். கையில் மாத்திரைப் பை. டீக்கடை முன்னால் நின்றாள். பலகையைப் படித்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், நேரமாகும். பிறகு அந்தப் பலகையைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பூல்பாண்டி, “எம்மா, எம்மா, அத எங்க கொண்டுபோற?” என்று பின்னாலேயே வருகிறார். நேராகப் பந்தலுக்கு வந்து மைக்கைப் பிடித்துவிட்டாள்.

அதற்கு முன்னால் அவள் மைக்கைத் தொட்டதே கிடையாது. மகளிர் மாநாட்டில் இரண்டு வார்த்தை பேசு என்றால் அடுக்களைக்குள் போய்விடுவாள்.

“பூல்பாண்டியண்ணன்” என்றாள். “ஒமக்கு எண்ணத் தெரியல. ஒம்பதுன்னு எழுதியிருக்கீரு. பதிமூணு. வேட்டி தொவைக்கிறவ நான். எனக்குத் தெரியும்.”

நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

“இவரு ஒண்ணும் திங்கல. தின்னாலும் போவாரு, திங்காட்டியும் போவாரு. கொடலு பூராம் புண்ணு. ஏழு வருசமாச்சு. போறது ரத்தம். ஒங்களுக்காவ ஊர்வலம் வந்தப்பயும் அதோடதான் வந்தாரு. மில் கேட்டுக்கு முன்னால நின்னு கத்தினப்பயும் அதோடதான் கத்தினாரு. பஸ்ல போனா உக்கார மாட்டாரு, சீட்டுல ஆயிருமோன்னு. எங்கிட்டகூடச் சொல்லாம ஒளிச்சு ஒளிச்சு அலசிப் போடுவாரு, நாந்தான் மறுபடி தொவைப்பேன். அத எண்ணிப் பலகையில எழுதுதீரே, எழுதும். சரியா எழுதும். பதிமூணுன்னு எழுதும்.”

பலகையை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

அண்ணாச்சி, முப்பது வருடம் பேசியிருக்கிறேன். விலைவாசியைப் பற்றிப் பேசியிருக்கிறேன், வேலை நேரத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஏற்ற இறக்கத்தோடு பேசுவேன். எனக்கு அப்படி ஓர் அமைதி கிடைத்ததில்லை. இயந்திரச் சத்தம் மட்டும் உள்ளே இருந்து வருகிறது. பின்னால் நின்ற ஒரு பெண், “எக்கா, எனக்கு மாசாமாசம் மூணு நாளு அந்தக் கட்டைக்காவ நிக்கிறப்ப உசுரு போயிரும்” என்றாள். இன்னொருத்தி, “தண்ணி குடிச்சாத்தான போவணும்னு நான் குடிக்கறதையே விட்டுட்டேன், கல்லு வந்திருச்சு” என்றாள். வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராகப் பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். காலை ஷிப்டு உள்ளே போகவே இல்லை. பூல்பாண்டியின் சங்கத்துப் பெண்கள்கூட உட்கார்ந்துவிட்டார்கள். கைதட்டினார்கள் பாருங்கள், அப்படி ஒரு கைதட்டல். எனக்கல்ல. அவளுக்கு.

நான் அதற்கு மேல் பார்க்கவில்லை. சாய்ந்துவிட்டேன். இதே ஆஸ்பத்திரியில்தான் விழித்தேன். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றாராம் டாக்டர். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

மூன்று பேருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. கட்டையையும் எடுத்துவிட்டார்கள். புதிதாக நான்கு கழிப்பறை கட்டினார்கள். வெற்றிதான். ஆனால் எதை வைத்து வந்த வெற்றி? சங்க வரலாறு எழுதுகிறவன் என்ன எழுதுவான்? தலைவரின் கொள்கை உறுதியால் வென்றோம் என்றா, தலைவரின் வயிற்றுப்போக்கால் வென்றோம் என்றா? நான் எழுதிய துண்டறிக்கையை ஒருவனும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. அவள் பேசியதைச் சொல்லுக்குச் சொல் சொல்கிறார்கள். தெருவில் பார்த்தால், “இப்பம் எப்படி இருக்கு தோழர், எத்தனை தடவ போவுது?” என்று சாதாரணமாகக் கேட்கிறார்கள், மழை பெய்ததா என்று கேட்பது போல.

அவளிடம் கேட்டேன். “என் மானத்தை ஏன் வாங்கினாய்?” அவள் சொன்னாள், “மானத்தப் பத்தி நான் ஒண்ணும் பேசலயே. ஒங்க கொடலப் பத்தித்தான் பேசுனேன்.” அன்றே பெட்டியை எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வந்துவிட்டேன்.

நான் ஒன்றும் அநாதையாக இல்லை. அமைப்பு என்னைப் பார்த்துக்கொள்கிறது. மாதாமாதம் முதல் தேதி மாத்திரை வந்துவிடும். சௌந்தரிதான் கொண்டுவருவாள். அட்டை அட்டையாகப் பிரித்து, காலை, இரவு என்று தனித்தனி உறையில் போட்டு, கோணல் கையெழுத்தில் எழுதியிருக்கும். அந்தப் பிள்ளை பத்தாவது வரை படித்தவள், இவ்வளவு மோசமாக எழுதுகிறாளே என்று நினைப்பேன். பாதி நாள் சாப்பாடும் வரும். குழைந்த சோறு, மிளகாய் இல்லாத ரசம், தோல் நீக்கிய பாசிப்பருப்பு. சௌந்தரி வீட்டில் காரமே சேர்க்க மாட்டார்கள் போலிருக்கிறது. கூஜாவில் மோர், அளவாக உப்பு. எனக்குப் பிடித்த உப்பு அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “தெரிஞ்சவங்க சொல்லுதாங்க தோழர்” என்றாள். இதுதான் தொழிலாளி வர்க்கப் பாசம். ரத்த உறவு இதைச் செய்யுமா?

சௌந்தரியை இன்றைக்கு வரச் சொல்லியிருந்தேன். ராத்திரி ஷிப்டில் அவளை மாற்றிவிட வேண்டிய ரிலீவர் வரவில்லை, காலை ஷிப்டும் பார்க்கச் சொல்லிவிட்டார்களாம். கைபேசி மில் லாக்கரில் கிடக்கும். அதனால் அண்ணாச்சி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன் என்று நினைத்துவிடாதீர்கள். எப்படியும் நீங்கள் உங்கள் வீட்டம்மாவுக்காக இரண்டு மணி நேரம் இங்கேதானே இருக்கப் போகிறீர்கள். எனக்கும் சேர்த்து ஒரு கையெழுத்து. நான் யாரிடமும் எனக்கென்று எதுவும் கேட்டதில்லை. கூட்டத்துக்காகக் கேட்டிருக்கிறேன், மற்றவருக்காகக் கேட்டிருக்கிறேன்.

சரி என்கிறீர்களா? நல்ல மனிதர். இதோ, பட்டியலோடு அந்தச் செவிலியர் பெண் வந்துவிட்டாள்.

ஆமாம் அம்மா, ஆவுடையப்பன் நான்தான். கூட வந்தது இவர். உறவா? உறவுதான், நாங்கள் எல்லாம் ஒரே வர்க்கம். என்ன? இவர் ஏற்கெனவே போட்டிருக்கிறாரா? ஓர் ஆள் இரண்டு பேருக்குப் போடக் கூடாதா? அது எந்த விதி? எழுத்தில் காட்டு. கத்தவில்லையம்மா, என் குரலே அப்படித்தான்.

கேட்டீர்களா அண்ணாச்சி, பதினொன்றரைக்குள் ஆள் வராவிட்டால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவாளாம். மணி பத்தே முக்கால். இனி அடுத்த மாதம்தான். டாக்டர் அன்றைக்குச் சொன்ன முகம் வேறு கண்ணில் நிற்கிறது.

நில்லுங்கள். ஒரு தடவை போய்விட்டு வருகிறேன். யோசிக்கவும் அங்கேதான் முடிகிறது.

உங்கள் போனைக் கொஞ்சம் தாருங்கள். இல்லை, நீங்களே பேசுங்கள். என் போன் வேண்டாம், என் எண் அவளுக்குத் தெரியும். நான் சொல்கிறேன், அழுத்துங்கள். தொண்ணூற்று நான்கு... ஆமாம், மனப்பாடம்தான். அவசரத்துக்கு ஓர் எண் மனப்பாடமாக இருக்க வேண்டாமா?

இப்படிச் சொல்லுங்கள். ‘தோழர் ஆவுடையப்பன் மருத்துவமனையில் இருக்கிறார். விதிமுறைப்படி ஓர் உடனாள் தேவைப்படுகிறது. விருப்பமிருந்தால் வரலாம்.’ விருப்பமிருந்தால் என்பதை விட்டுவிடாதீர்கள். நான் கூப்பிட்டேன் என்று சொல்ல வேண்டாம்.

ஏன் ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டீர்கள்? எல்லோருக்கும் கேட்கிறதே!

“யாரு? ஆஸ்பத்திரியிலேர்ந்தா? சௌந்தரி சொன்னா, இன்னைக்குத்தான்னு. அவரு தண்ணி பூராத்தையும் குடிச்சாரா? காலையிலேர்ந்து எத்தன தடவ போனாரு? ரத்தம் இருக்கா? கேட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி. நாலுன்னு சொல்லுவாரு, நம்பாதீங்க.”

சிரிக்காதீர்கள். நீயுமா நர்சம்மா? கொடுங்கள் அந்தப் போனை. அந்தச் சத்தத்தை நிறுத்துங்கள், எப்படி நிறுத்துவது? சரி.

குழலு.

பதினாறு.

ஆமா, பதினாறு. இருக்கு. ரத்தம் இருக்கு. நேத்துலேர்ந்து இல்ல, மூணு வாரமா... இரு ஒரு நிமிசம், இந்த நர்சு பிள்ள கேக்குது. ஆமாம்மா, நாலுன்னு இருந்தா அடிச்சிரு. பதினாறுன்னு எழுது. டாக்டர்ட்டயும் சொல்லிரு, நான் சொன்னது தப்பு.

குழலு, இருக்கியா? இல்ல, கூட யாரும் இல்ல. போன ரெண்டு மட்டமும் தனியாத்தான் வந்தேன். யாரையும் கூப்பிடல. எப்படிக் கூப்பிட?

இப்பம் கூப்பிடுதேம்லா.